குளிருக்கு எந்தப் பேட்டரி

அந்த டிரில் இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள் சார், பேட்டரி முனையில் டீ சிந்தினால் துருப்பிடித்துவிடும். பழக்கதோஷம்தான், தப்பாக நினைக்காதீர்கள். கடையில் வந்து நிற்கிறவர்களிடமும் நாள் முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்டீர்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். மீதிப் பேர் கேட்காமல் எடுத்துப் போய்விட்டுப் பிறகு வந்து சண்டை போடுவார்கள். ஆற அமரச் சொல்கிறேன். அவசரப்பட்டு எழுத ஆரம்பித்துவிடாதீர்கள், எழுத வேண்டியது கடைசியில்தான் வரும்.

ஒயர் இல்லாத டிரில்லுக்குப் பேட்டரியில் மூன்று வகை உண்டு. முதலாவது நிக்கல் காட்மியம். பழைய காலத்து ஆள். நல்ல கனம், தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினால் தோள்பட்டை முனகும். முழுக்கத் தீருவதற்கு முன்பே அடிக்கடி சார்ஜில் போட்டால் சோம்பேறியாகிவிடும், பாதி வேலைக்கு மேல் செய்யாது. ஆனால் அதனிடம் இரண்டு நல்ல குணம். சாகப்போவதைச் சொல்லிவிட்டுச் சாகும். சத்தம் மெல்ல இறங்கும், சுற்று தளரும், நமக்கும் ஏணியிலிருந்து இறங்க நேரம் கிடைக்கும். இன்னொன்று, எவ்வளவு குளிராக இருந்தாலும் அசையாது. மேசையில் இருக்கிற அந்தப் பெரிய பச்சை டிரில் அந்த வகை. அதற்கு எங்கள் கடையில் எருமை என்று பெயர்.

இரண்டாவது வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. இரண்டும் கெட்டான். பழையதைவிட அதிக நேரம் ஓடும், ஆனால் அலமாரியில் சும்மா வைத்திருந்தாலே தானாக வற்றிப்போகும். யாரும் தொடாத வருத்தத்திலேயே தீர்ந்துபோகிற பேட்டரி என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இப்போது அதை யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது லித்தியம். இந்தச் சின்ன கறுப்பு டிரில்லில் இருப்பது அதுதான். எடையே தெரியாது. எப்போது வேண்டுமானாலும் சார்ஜ் போடலாம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கையில் எடுத்தவன் பழையதைத் திரும்பிப் பார்க்க மாட்டான். கடைசி நிமிடம்வரை முழு வேகத்தில் சுற்றும், அதனால் தீரப்போகிறது என்பதே தெரியாது. தீர்ந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். உறைகிற குளிரில் வைத்தால் பாதி சார்ஜ் இருக்கும்போதே நின்றுவிடும், உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பலகை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை வெட்டிவிடும். அது பேட்டரியின் குற்றம் இல்லை, அதன் சுபாவம்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன கடை அது. டிரில், ரம்பம், தேய்க்கிற மெஷின் எல்லாம் வாடகைக்குக் கொடுப்போம், பழுதும் பார்ப்போம். அம்மா போனபோது தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கடையை மூடினால் சோறு இல்லை, அவளை விட்டுவிட்டு நான் ஒரு வீட்டுக்குப் போகவும் மனசில்லை. பாப்பா என்று நான்தான் அவளுக்குப் பெயர் வைத்தேன். வளர்ந்து அலுவலகத்துக்குப் போன பிறகும் அவள் எனக்குப் பாப்பாதான். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பல் விலக்குவதுபோல அது ஒரு வேலை, செய்தேன்.

அந்தக் கடைக்குத்தான் கதவுக்காரர் வந்தார். குளிர் கிடங்குகளுக்குக் கதவு பொருத்துவது, பழுது பார்ப்பது அவர் தொழில். உறையவைத்த சரக்கு அடுக்கியிருக்கும் அறைகள் இருக்கின்றனவே, அவற்றின் கதவு ஒரு சாண் தடிமன் இருக்கும், சுற்றிலும் ரப்பர் ஓடும். அந்த வேலைக்கு லித்தியம் உதவாது என்று அவருக்கு முதல் தடவை எருமையைக் கையில் கொடுத்தவள் நான். தூக்கிப் பார்த்துவிட்டு, இதைத் தூக்கவே தனியாக ஒரு ஆள் வேண்டும் என்றார். மறுநாள் திரும்பி வந்து, "முதலாளி, எருமை மேல மழை பெஞ்ச மாதிரிங்க, குளிரு ஏறவே மாட்டேங்குது" என்றார். பெயர் அப்படி வந்ததுதான். என்னை முதலாளி என்று கூப்பிடுவதும் அன்றைக்குத் தொடங்கியது.

பிறகு வருடக்கணக்கில் அவர் எங்கள் கடைக்கு வந்தார். சார்ஜர் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி உண்டு, அதில் உட்கார்ந்துகொண்டு பேட்டரியைப் பற்றி ஏதாவது கேட்பார். நான் ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டே பதில் சொல்வேன். நிக்கல் பக்கம் நான், லித்தியம் பக்கம் அவர் என்று சண்டை போடுவோம். ஒருமுறை புது டிரில் குளிர் அறைக்குள் நின்றுவிட்டது என்று புலம்பினார். அப்படி நின்றால் பேட்டரியைக் கழற்றிச் சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்திருங்கள், உடம்புச் சூட்டில் கொஞ்சம் உயிர் வரும், ஓரிரண்டு ஸ்க்ரூ கழற்றுகிற அளவுக்கு ஓடும் என்றேன். கோழி முட்டையை அடைகாக்கிற மாதிரியா என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கடையில் நான் அப்படிச் சிரித்தது அதற்கு முன்பு எப்போது என்று எனக்கு நினைவில்லை.

"உங்க கையால சார்ஜ் போட்டா மட்டும் எப்படிங்க முதலாளி இவ்ளோ நேரம் ஓடுது" என்று ஒருநாள் கேட்டார். இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள். வெறும் பாராட்டு என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், ஆனால் அவருக்கென்று இரண்டு பேட்டரியைத் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தேன். வேறு யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சில பேர் மெதுவாகத்தான் சொல்வார்கள், எருமை மாதிரி. நான் காத்திருக்கத் தெரிந்தவள்.

அப்புறம் பாப்பாவுக்கு வேலை போனது. வீட்டில் சும்மா இருப்பானேன், கடைக்கு வா என்று கூப்பிட்டதும் நான்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. லித்தியம் பேட்டரியை நிக்கல் சார்ஜரில் திணிக்கப் பார்ப்பாள். ஒருநாள் கடை முழுக்கப் புகை. நான் திட்டினேன், கதவுக்காரர் சிரித்தார். மறுநாளிலிருந்து முக்காலி அலமாரிப் பக்கத்திலிருந்து பாப்பா உட்காரும் கல்லாப் பக்கம் நகர்ந்துவிட்டது. யார் நகர்த்தினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் நான் அலமாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவர் அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். "இது சாகப்போறதச் சொல்லிட்டுச் சாகும், அது சொல்லாம கொள்ளாம நிக்கும்" என்றார். என் வாக்கியம் சார். ஒரு எழுத்து மாறவில்லை. எப்படிங்க இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். எல்லாம் அனுபவம்தான் என்றார்.

உன் அக்கா சொல்லிக் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உப்புப் பெறாத விஷயம்தான். ஆனால் அன்றைக்குப் பற்றவைக்கிற கோல் கையைச் சுட்டதே எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பொறாமை என்று எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். ஒருத்தியிடம் சேர்த்துக்கொண்டதை எடுத்துப்போய் இன்னொருத்திக்குக் கொடுத்தால் அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது, அதை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

கொஞ்ச நாளில் அவரும் அவளைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவும் என்னுடையதுதான்.

பிறகு ஒரு மத்தியானம் வந்தார். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு எதிரில் நின்றார். "அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் அலமாரிதான் இருந்தது. என்னைவிட அவருக்கு இரண்டு வயது கூட சார். தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் அக்காவை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. முறை அது. நானும் முறைப்படி சரி என்றேன், சந்தோஷம் என்றேன், உள்ளே போய் மூன்று பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தேன். இலவு காத்த கிளி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காய் பழுக்கும் என்று காத்திருந்து, வெடித்ததும் பஞ்சாகப் பறந்ததைப் பார்த்த கிளி. பஞ்சு பறந்ததில் அந்தக் கிளிக்குக் கோபம் வந்திருக்காது. இன்னொரு கிளி அந்தப் பஞ்சில் கூடு கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோதுதான் வந்திருக்கும்.

அதற்கு அப்புறம் வீட்டில் ஒரு பரிசோதனை செய்தேன். ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் லித்தியம் பேட்டரி ஒன்றை வைத்தேன். நன்றாக உறைந்ததும் எடுத்து டிரில்லில் மாட்டிக் கெட்டியான பலகையில் ஓட்டிப் பார்த்தேன். முழு சார்ஜில் வைத்தது சீக்கிரம் நின்றது. பாதி சார்ஜில் வைத்தது தொட்டதும் நின்றது. எருமையின் பேட்டரியை வைத்துப் பார்த்தேன், அது பாட்டுக்கு ஓடியது. பாப்பா ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு, "என்னக்கா, பேட்டரிய ஐஸ் போடுற" என்று கேட்டாள். குளிருக்கு எது தாங்கும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டாமா என்றேன். அவள் இதை அவரிடம் சொல்லிச் சிரித்தாள், அவரும் சிரித்தார். அப்போதாவது அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அவருடைய வேலைமுறையை இப்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. குளிர் அறைக் கதவுக்கு உட்பக்கம் ஒரு கைப்பிடி இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதை அழுத்தினால் கதவு திறக்கும். அவர் கடைசியாகப் போன கிடங்கில் பழுதானது அந்தக் கைப்பிடிதான். கதவும் சற்றுத் தொங்கியிருந்தது, குளிர் கசிந்தது. புதுக் கைப்பிடி போடுவதற்கு முன்னால் கதவைச் சரி செய்ய வேண்டும், அதற்கு எங்கே கசிகிறது என்று தெரிய வேண்டும். இப்படிப்பட்ட வேலைக்கெல்லாம் அவர் கைப்பிடியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். விளக்கை அணைக்கச் சொல்வார், அதன் சுவிட்ச் வெளியே இருக்கும். வெளியே நிற்கிறவர் டார்ச்சைக் கதவின் ஓரமாகச் சுற்றிலும் காட்டிக்கொண்டு வர வேண்டும். உள்ளே இருட்டில் எங்கே வெளிச்சம் கோடாகத் தெரிகிறதோ அங்கே சாக்பீஸால் குறித்துக்கொள்வார். முடிந்ததும் இரண்டு தட்டு தட்டுவார், வெளியே இருப்பவர் திறப்பார். மற்றவர்கள் அறையை நிறுத்தச் சொல்லி, கைப்பிடி இருக்கும்போதே இதைச் செய்வார்கள். உள்ளே சரக்கு இருந்தால் கிடங்குக்காரர்கள் நிறுத்த விட மாட்டார்கள், கைப்பிடி இருந்த துளையிலும் கசிவு பார்க்க வேண்டும் என்று இவர் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். கெட்டிக்காரர் என்று பெயரும் அதில்தான் வாங்கினார்.

உள்ளே போன்கூட எடுக்காதே, ஆபத்து இல்லையா என்று நான் முன்னொரு நாள் கேட்டதுண்டு. "வெளிய ஆளு, உள்ள டிரில்லு. ரெண்டுல ஒண்ணு இருந்தாக்கூட வீட்டுக்கு வந்துரலாம் முதலாளி" என்றார். டிரில் எதற்கென்றால், கதவைப் பிடித்திருக்கும் கொக்கியின் தகடு உட்பக்கம் நான்கு ஸ்க்ரூவில் நிற்கிறது. பழைய கைப்பிடி போனாலும் அந்த நான்கையும் கழற்றினால் கதவைத் தள்ளிவிடலாம். நல்ல ஏற்பாடு. நான் அதை மறக்கவில்லை.

கல்யாணப் பேச்சு வந்ததிலிருந்து வெளியே டார்ச் பிடிக்கிற ஆள் பாப்பாதான். அந்தக் கைப்பிடி வேலைக்குப் போன அன்றைக்கு விடுமுறை நாள், கிடங்கில் சரக்கு ஏற்றுகிறவர்கள் வர மாட்டார்கள். வாசலில் காவலாளி ஒருவர், அவரும் தெருப்பக்கம் இருப்பார். காலையில் பாப்பா தலை பின்னிக்கொண்டிருந்தாள். வாடகைக்குப் போன மெஷின்களை இன்று திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன், நீ கடையில் இரு, நான் போய் டார்ச் பிடிக்கிறேன் என்றேன். ஆட்களிடம் அப்படிச் சொன்னது உண்மை, நானே முந்தின நாள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சீப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ போறியா? அப்ப எனக்குக் கவலையே இல்லக்கா" என்றாள். அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்காக நான் மனதை மாற்றிக்கொள்ளவில்லை, சொல்கிறேன், அவ்வளவுதான்.

கதவுக்காரர் வந்ததும் எருமையைக் கேட்டார். வாடகைக்குப் போயிருக்கிறது, வரவில்லை என்றேன். முகம் சுருங்கியது. இந்தக் கறுப்பு டிரில்லை எடுத்துக் கொடுத்தேன், சின்ன வேலைதானே, இது போதும் என்றேன். அதன் பேட்டரி முந்தின மாலையிலிருந்து எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்தது என்பதை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார். துணியில் நன்றாகத் துடைத்திருந்தேன். பாதி சார்ஜ்தான் இருந்தது, பேட்டரியில் எரியும் சின்ன விளக்கைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் சார்ஜ் போட்டுக் கொடுத்த பேட்டரியை அவர் எப்போதும் பார்த்து வாங்கினது இல்லை. "நீங்க வெளிய இருக்கீங்கல்லக்கா, அப்புறம் என்ன" என்று சொல்லி வண்டியில் ஏறினார்.

நீங்கள் முதல் நாள் விசாரித்தபோது, அவர் உள்ளே மாட்டிக்கொண்டார், கதவின் கொக்கி இறுகிவிட்டது, டிரில் எடுத்துவர நான் கடைக்கு ஓடினேன், திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அதனால்தான் என் பையில் எருமை இருந்தது என்றும் சொன்னேன். அது பொய். கடையில் இருந்த பாப்பா என்னைப் பார்க்கவில்லை என்று சொன்னதும் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். எருமை காலையிலிருந்தே என் பையில்தான் இருந்தது. கடையில் விட்டுவிட்டு வந்தால் அவள் கண்ணில் படும், ஐயோ இதை விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். அவள் அப்படிப்பட்டவள். அதனால் எடுத்துக்கொண்டு போனேன். நல்ல கனம், தோள் இன்னும் வலிக்கிறது.

கதவின் கொக்கி இறுகவும் இல்லை. வெளிப்பக்கக் கைப்பிடி நன்றாகத்தான் இருந்தது. ஒரு குழந்தை இழுத்தால்கூடத் திறக்கும்.

அவர் ஸ்பேனரால் கைப்பிடியைக் கழற்றி வெளியே வைத்தார், டிரில்லோடு உள்ளே போனார், கதவைச் சாத்தினார். விளக்கை அணைத்துவிடச் சொல்லிக் குரல் கொடுத்தார், அணைத்தேன். டார்ச்சை எடுத்து மேலிருந்து தொடங்கி ஒழுங்காகச் சுற்றிலும் காட்டினேன். வேலையில் நான் குறை வைக்கவில்லை. இரண்டு தட்டு கேட்டது. நான் டார்ச்சை அணைத்துப் பையில் வைத்தேன்.

மறுபடி தட்டினார். கைப்பிடி இருந்த துளை வழியாகக் குரல் நன்றாகவே கேட்டது. "அக்கா, முடிஞ்சிருச்சு, திறங்க." கொஞ்சம் பொறுத்து, "அக்கா, கேக்குதா?" என்றார். நான் அங்கே இல்லை என்று முதலில் நினைத்திருப்பார். பிறகு என் செருப்புச் சத்தம் கேட்டிருக்கும், அப்புறம் குரல் மாறியது. டிரில் ஓடும் சத்தம் வந்தது. ஒரு ஸ்க்ரூ. அதோடு நின்றுவிட்டது. நான் ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தது சரியாகத்தான் இருந்தது.

நான் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதீர்கள். கைப்பிடியில் கை வைத்துக்கொண்டுதான் நின்றேன். திறக்கக் கூடாது என்று ஒரு முடிவும் அப்போது என்னிடம் இல்லை. எனக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. பழைய மாதிரி ஒரு தடவை முதலாளி என்று கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன். சத்தியமாகத் திறந்திருப்பேன். வருடக்கணக்கில் வாய் நிறையக் கூப்பிட்ட வார்த்தை, அதைத் தேடி அவர் எங்கேயும் போக வேண்டியதில்லை. அவர் அக்கா என்றார். திரும்பத் திரும்ப அக்கா என்றார். நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் அக்கா என்றார். என்ன தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. தெரியாமல் கேட்கிற மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. கடைசியாகப் புரியும்படி அவர் சொன்னது, "பாப்பா காத்துக்கிட்டிருப்பாக்கா" என்பது. அதற்கு அப்புறம் நான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

நடுவில் ஒருமுறை டிரில் மறுபடி ஓடியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு ஸ்க்ரூ கழலும் நேரம், அவ்வளவுதான், நின்றுவிட்டது. நின்ற பேட்டரி எப்படி ஓடியது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சத்தமெல்லாம் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். குளிர்விக்கிற மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத் தெருவுக்குப் போய் ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்து, சுவிட்சைப் போட்டு, கதவைத் திறந்து, அதற்குப் பிறகுதான் காவலாளியைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த அழுகை பொய் இல்லை.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரியை உறையவைத்ததும் நான், எருமையை ஒளித்ததும் நான், தங்கையைக் கடையில் நிறுத்தியதும் நான். வெளியே இருந்த ஆளும் நான்தான், உள்ளே இருந்த டிரில்லும் என்னுடையதுதான். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் அவர் வீட்டுக்கு வர முடியாது என்று தெரிந்தே எடுத்துக்கொண்டேன். கொன்றது நான். இதில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும் வேண்டும். பாப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், அது நியாயம்தான், அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர் சட்டைப்பையில் அவளுடைய போட்டோ ஒன்று இருந்ததாம், அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள் என்றீர்கள். அது மேல்பையில் இருந்தது சார், எல்லோரும் வைத்திருக்கிற இடம். தூக்கியபோது அவர் சட்டைக்கு உள்ளே, தோலோடு சேர்த்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தது இந்தப் பேட்டரியை என்று நீங்களே சொன்னீர்கள். அடைகாக்கிற மாதிரி. அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். கடைசி நேரத்தில் அவர் நெஞ்சில் இருந்தது என் பேச்சுதான் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள், அவள் வீணாக எதையாவது நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.